கொக்குக்குப் போட்ட சங்கிலி

படகு ஏற்றுகிற எங்கள் ட்ரெயிலருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது நாங்கள் அல்ல. கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதன் வாங்கில் காலை முழுக்க உட்கார்ந்து, முன்னால் கிடக்கிற கடலை விட்டுவிட்டுப் போகிற வருகிற வண்டிகளையே பார்க்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் வைத்த பெயர் அது. பெயர் வைத்த கையோடு காது குத்தாத குறையாக ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார்கள். இன்றைக்கு என் தொலைபேசியில் வருகிற அழைப்புகளில் பாதி, "அண்ணை, கொக்கு நாளைக்குச் சும்மா நிக்குதோ?" என்றுதான் தொடங்கும்.

பெயர் பொருத்தமானதுதான். மற்ற ட்ரெயிலர்களை வண்டியின் பின்புறம், பம்பருக்குக் கீழே கொழுவுவார்கள். எங்களுடையது அப்படியில்லை. அதன் முன்பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் கழுத்து மேலெழும்பி, முன்னால் வளைந்து, பிக்கப்பின் பின்பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். பெட்டியின் நடுவில், சில்லுகளுக்கு நேர் மேலே, ஓர் இரும்புக் குண்டு பொருத்தியிருக்கிறது. கழுத்து தலையைக் குனிந்து அந்தக் குண்டைக் கவ்விக்கொள்ளும். பாரம் வண்டியின் நடுவில் இறங்குவதால் பின்பக்கம் தூக்காது, ஆட்டமும் இல்லை. எங்கள் ஊர் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் மதில். அதற்குள் ஒரு முழுப் படகை வளைத்துத் திருப்பிக் கொண்டுபோக வேறு எந்த வண்டியாலும் முடியாது.

இதை இங்கே கொண்டுவந்தவர் என் மச்சான், மனைவியின் தம்பி. கனடாவில் பல வருடம் இப்படிப்பட்ட ட்ரெயிலர்களைப் பனிக்குள் இழுத்துத் திரிந்தவர். ஏன் திரும்பி வந்தாய் என்று யாரும் கேட்டால், "பனியோடை கதைச்சு அலுத்துப்போச்சு, அது ஒண்டுக்கும் மறுமொழி சொல்லுதில்லை" என்பார். நான் பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டவன். பிறகு படித்ததெல்லாம் என் வண்டியில் ஏறினவர்களின் வாயிலிருந்து கேட்டதுதான். ஆகவே இப்படி ஒரு வசனம் காதில் விழுந்தால் அதைப் பத்திரப்படுத்தாமல் விட மாட்டேன். மச்சான் வந்த பிறகு எனக்கு அந்த வகையில் பஞ்சமே இல்லை.

பட்டறையில் வைத்துக் கழுத்தை ஒட்டி முடித்த அன்று அவர் சங்கிலிக் கதையைத் தொடங்கினார். கழுத்திலிருந்து இரண்டு சங்கிலிகள் வர வேண்டும், குண்டுக்கு இரண்டு பக்கமும் வண்டியின் சட்டத்தில் தடித்த வளையங்கள் வைத்து அவற்றில் மாட்ட வேண்டும் என்றார். குண்டு இருக்கிறது, கவ்வு இருக்கிறது, கவ்வைப் பூட்ட இரும்புப் பின்னும் இருக்கிறது, அந்தப் பின் கழலாமல் அதன் நுனியில் கிளிப்பும் இருக்கிறது, இதற்குமேல் சங்கிலி எதற்கு என்று கேட்டேன்.

"அதெல்லாம் கைவிட்டால்?"

"ஏனப்பா கைவிடுது?"

"அத்தான், ஏன் கைவிடுமெண்டு தெரிஞ்சால் அதுக்கு மருந்து செய்யலாம். தெரியாததுக்குத்தான் சங்கிலி."

என் மனைவி இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றவள், உள்ளே போய், கூடத்தில் பாவிக்காமல் கிடந்த ஊஞ்சலின் சங்கிலிகளைக் கழற்றிக்கொண்டு வந்து தம்பியிடம் நீட்டினாள். வீட்டில் உள்ளதைக் கொடுத்துவிடுகிற கை அவளுக்கு. மச்சான் அவற்றைக் கையில் தூக்கி நிறை பார்த்தார். "அக்கா, நீ ஆடுறதுக்கு இது காணும். படகு ஆடத் தொடங்கினால் காணாது" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய், நாள் முழுக்க அலைந்து, பாரம் தூக்குகிற தடித்த சங்கிலியையும், வாயில் நாக்கு வைத்த கொக்கிகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நாக்கு கொக்கியின் வாயை மூடிவிடும். எவ்வளவு குலுங்கினாலும் சங்கிலி துள்ளி வெளியே வராது. சங்கிலியின் நீளத்துக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வளைவில் திரும்பும்போது இறுகக் கூடாது. அதே நேரம் கழுத்து குண்டை விட்டுக் கிளம்பினால் பெட்டியைத் தாண்டி வெளியே விழ விடவும் கூடாது.

முதன்முதல் சங்கிலியோடு தேநீர்க் கடையைக் கடந்தபோது வாங்கிலிருந்து கேள்வி வந்தது. "என்ன அண்ணை, கொக்குக்குச் சங்கிலியோ? பறந்திடுமெண்டு பயமோ?" மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. நானும் சிரித்தேன். நல்ல பகிடிக்குக் கோபப்படுகிற பழக்கம் எனக்கு இல்லை. மச்சான்தான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் சங்கிலி மாட்டுவதும், வாங்கிலிருந்தவர்கள் கொக்கின் சுகம் விசாரிப்பதுமாகக் காலம் போனது.

பிறகு தொண்டைமானாற்றுக்குப் படகு ஏற்றின நாள் வந்தது.

எங்கள் ஊரில் படகு கட்டுகிற ஒருவரிடம் அதை வாங்கினவர் ஓர் இளம் மீனவர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மற்றவர்களின் படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போனவர். அன்றைக்குத்தான் சொந்தப் படகு. அவரும் மனைவியும் படகு கட்டுகிற இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளைக்கு வயிற்றில் குழந்தை, மாதம் ஏறியிருந்தது. இறங்கினதும் நேரே போய்ப் படகின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரோடும் கதைக்கவில்லை. படகு கட்டுகிறவர் அவளைப் பார்த்துவிட்டு என் காதருகே, "பிள்ளை பிறக்க முதல் தொட்டிலைப் பாக்கிற மாதிரிப் பாக்குது" என்றார். இளைஞரின் அக்கா, நாற்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான மனிசி, பூசைச் சாமான்கள், பொங்கல் பானை எல்லாவற்றோடும் ஓட்டோவில் வந்து சேர்ந்தார்.

அவர்களின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படகு முதன்முதல் கரைக்குப் போகிறபோது உடையவர்கள் அதன் பின்னாலேயே போக வேண்டும். நடுவில் வேறு வண்டி புகுந்தால் கண்ணூறு புகுந்த மாதிரி. ஆகவே கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் படகை ஒட்டித்தான் வருவோம் என்றார்கள். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. வழக்கத்தை மாற்றச் சொல்கிற ஆளும் அவர் இல்லை. "தம்பி, ஒரு பனை நீளமெண்டாலும் தள்ளி வா. வயித்துப் பிள்ளைக்காரியை ஏத்திக்கொண்டு வாறாய்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெடியன் "ஓம் அண்ணை" என்று தலையாட்டினான். எனக்கும் அது மனதில் கல்லாகத்தான் கிடந்தது. எங்கள் பின்னால் வரப்போவது இரண்டு பேர் அல்ல, மூன்று பேர் என்பதை நான் மறக்கவே இல்லை.

கொழுவுகிற வேலையை இருவரும் சேர்ந்து செய்தோம். கழுத்தைக் குண்டில் இறக்கினோம். பின்னைத் தள்ளி, நுனியில் கிளிப்பைக் குத்தினோம். பிறகு மச்சானின் சோதனை: ஜாக்கை வைத்துக் கழுத்தை மேலே தூக்குவது. கவ்வு சரியாகப் பிடித்திருந்தால் கழுத்தோடு பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து எழும்பும். எழும்பியது. சங்கிலிகளை மாட்டி, கொக்கிகளின் நாக்கைத் தட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பூசை. படகு கட்டுகிறவர் வேதக்காரர். தான் கட்டின எந்தப் படகையும் செபம் சொல்லாமல் வெளியே விட மாட்டார். நாங்களும் மிஷன் பள்ளிக்கூட வழி வந்த வேதக்காரக் குடும்பம்தான். தலைகுனிந்து நின்று ஆமென் சொன்னோம். அது முடிந்ததும் அக்கா முன்னுக்கு வந்தார். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார். படகின் மூக்குக்கு மாலை போட்டு, வேப்பிலைக் கொத்துக் கட்டி, தேசிக்காயும் செத்தல் மிளகாயுமாகக் கோத்த ஒன்றைத் தொங்கவிட்டார். "இரண்டு பக்கத்தாலும் காவல் போட்டாச்சு, இனி என்ன" என்று படகு கட்டுகிறவர் கையைத் துடைத்துக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன். தேசிக்காய்கள் சில்லுக்குக் கீழே நசுங்கின.

யாழ்ப்பாணத்தைத் தாண்டி, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று போகிற அந்தப் பாதையில் காலை நேரத்தில் படகை இழுத்துக்கொண்டு போவது எனக்கு எப்போதும் பிடிக்கும். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் படகு போனால் யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது? மச்சான் மட்டும் கண்ணாடியிலேயே கண் வைத்திருந்தார். "பெடியன் கிட்ட வாறான்" என்று சொல்லிச் சொல்லி வந்தார். புத்தூரில் ஒரு வான் நடுவில் புகப் பார்த்தது. அதற்குப் பிறகு அவன் இன்னும் நெருங்கிவிட்டான்.

அச்சுவேலி கழிந்து சற்றுத் தூரத்தில் ஒரு மதகு. அதன் இரண்டு பக்கமும் றோட்டு இறங்கிப்போய் ஒரு படி மாதிரி நிற்கும். மெதுவாகத்தான் ஏற்றினேன். முன்சில்லு ஏறியது, பின்சில்லு ஏறியது. அடுத்த கணம் என் முதுகுக்குப் பின்னால் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். வண்டியே ஒருமுறை குதித்தது. அதைத் தொடர்ந்து யாரோ பின்னுக்கு இழுத்தாற்போல் ஒரு பெரிய வெட்டு.

என் கால் தானாகவே பிறேக்குக்குப் போனது. மச்சானின் கை என் முழங்காலில் இருந்தது.

"பிறேக் பிடிக்காதேங்கோ, அத்தான். காலை மட்டும் எடுங்கோ."

அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கத்தவில்லை. சோற்றுக்கு உப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நான் காலை எடுத்தேன். பிறேக் பிடித்திருந்தால் படகோடு ட்ரெயிலர் எங்கள் முதுகில் ஏறியிருக்கும். காலை எடுத்ததும் வண்டி தானாகத் தளர்ந்தது, பின்னால் ட்ரெயிலரும் சங்கிலியில் தொங்கிக்கொண்டே தளர்ந்தது. றோட்டோரப் புல்லில் இரண்டும் சேர்ந்து நின்றன.

இறங்கி ஓடினேன். எனக்கு வண்டியும் வேண்டாம், படகும் வேண்டாம், அந்தப் பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. மோட்டார் சைக்கிள் செம்மண் தோட்டத்துக்குள் இறங்கி, விழாமல் நின்றது. அவள் அதிலிருந்து இறங்கி, வயிற்றில் ஒரு கையும் கணவனின் தோளில் ஒரு கையுமாக நின்றாள். ஒன்றும் இல்லை என்று கையால் காட்டினாள். "கர்த்தரே" என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் கொக்கைப் பார்த்தேன். கழுத்து குண்டை விட்டுத் துள்ளி, பெட்டிக்குள் விழுந்து, பின்னுக்கு வழுக்கிப் போய், பெட்டியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு சங்கிலிகளும் வீணைத் தந்தி மாதிரி இறுகியிருந்தன. இன்னும் ஒரு சாண் வழுக்கியிருந்தால் கழுத்து நிலத்தில் குத்தி, ட்ரெயிலர் றோட்டுக்குக் குறுக்கே திரும்பியிருக்கும். ஒட்டிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளுக்கு விலக நேரமே இருந்திராது. மச்சான் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்.

"பூட்டுற பின் கழண்டு பெட்டிக்குள்ளை கிடக்கு" என்றார். "கிளிப் இல்லை. கிளிப் இல்லாமல் குலுங்கிக் குலுங்கிக் கழண்டிருக்கு. நாங்கள் போட்டதுதானே அத்தான்?"

போட்டோம். நானும் கண்ணால் பார்த்தேன். தோட்டத்தில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள், விஷயத்தைக் கேட்டு மதகுவரைக்கும் நடந்து றோட்டில் தேடினார்கள். கிளிப் இல்லை. ஆட்கள் சேர்ந்துகொண்டு, உடைந்திருக்கும் என்றும், எவனாவது கழற்றியிருப்பான் என்றும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நேரம் ஓட்டோ வந்து நின்றது. அக்கா பதறி இறங்கி, தம்பியின் மனைவியை முகத்திலும் வயிற்றிலும் தடவிப் பார்த்தார். எல்லாரும் நல்ல சுகம் என்று தெரிந்த பிறகு, எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டார். மச்சான் விரலை வளைத்துக் காட்டினார்: ஒரு பக்கம் நேர்க் கம்பி, மற்றப் பக்கம் வளைந்து வளைந்து போகும், இந்தளவு இருக்கும்.

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லாமல் போனது. மெதுவாகத் திரும்பிப் படகின் மூக்கைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மாலைக்கும் வேப்பிலைக்கும் நடுவில், தேசிக்காயையும் செத்தல் மிளகாயையும் ஊடுருவிக்கொண்டு, எங்கள் கிளிப் மினுங்கியது.

"ஊசியும் நூலும் வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்" என்றார் அக்கா. "உதிலை ஒரு கம்பி சும்மா தொங்கிக்கொண்டு கிடந்துது. குத்திறதுக்கும் சரி, கொழுவிறதுக்கும் சரியெண்டு..."

தம்பிக்காரன் வாயைத் திறந்தான். பேச விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. மச்சான் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "எங்களைக் காக்கத்தானே கழட்டினவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அந்த இடத்தில் யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனடாப் பனி இந்த மனுசனுக்கு மறுமொழி சொல்லாவிட்டாலும் பொறுமையைப் படிப்பித்து அனுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. கிளிப் இல்லாமல் வண்டியை நகர்த்த மாட்டேன் என்றார் மச்சான். காவலுக்குக் கட்டினதைப் படகு தண்ணீர் தொடுவதற்கு முதல் அவிழ்க்கக் கூடாது என்பது அவர்களின் வழக்கம். தோட்டக்காரர் ஒருவர் கட்டுக்கம்பி தாறன் என்றார், இன்னொருவர் சேலை ஊசி போதாதா என்றார். மச்சான் இரண்டும் சரிவராது என்று தலையை ஆட்டிவிட்டார். அக்கா அழுகிற நிலையில் நின்றார். தானே போட்ட காவலைத் தானே அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை. தம்பிக்காரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத அந்தப் பிள்ளை நடந்து போனாள். படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டி, கிளிப்பைக் கழற்றினாள். தேசிக்காயையும் மிளகாயையும் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து உருவித் தன் சேலைத் தலைப்பில் போட்டாள். கம்பியை முந்தானையில் துடைத்து மச்சானிடம் நீட்டினாள்.

"அண்ணை, தேசிக்காய் கரை போகுமட்டும் என்ரை மடியிலை இருக்கட்டும். கம்பி அதின்ரை இடத்திலை இருக்கட்டும். இரண்டும் காவல்தானே, மச்சாள்?"

கடைசிக் கேள்வி அக்காவைப் பார்த்துக் கேட்டது. அக்கா ஓம் என்று தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்குப் பிறக்கிறது உன்ரை வாயோடை பிறக்கட்டும்" என்றார். முந்தி நான் சேர்த்து வைத்த வசனங்கள் எல்லாவற்றுக்கும் மேலே இந்த இரண்டு பேச்சையும் வைத்திருக்கிறேன்.

தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து, ஜாக் வைத்துக் கழுத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். வெங்காயம் பிடுங்குகிற வேலையை விட்டு வந்தவர்கள், பெயர்கூடத் தெரியாதவர்கள். ஒருவரும் கூலி என்று வாய் திறக்கவில்லை. படகு நல்லாய் உழைக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மச்சான் குண்டைத் தடவி, பின்னைப் பார்த்து, சோதனையை மறுபடி செய்து, வண்டியின் பின்புறம் எழும்பினதைக் கண்ட பிறகே விட்டார். அந்தப் பிள்ளையை என் பக்கத்து ஆசனத்தில் ஏற்றினோம். மச்சான் மோட்டார் சைக்கிளில் பெடியனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். பிறகு கண்ணாடியில் நான் பார்த்தபோதெல்லாம் அந்த மோட்டார் சைக்கிள் ஒரு பனை அல்ல, ஒரு பனந்தோப்பே தள்ளி வந்தது. நடுவில் வண்டிகள் புகுந்தன. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வண்டிக்குள் தேசிக்காய் மணம். அவள் மடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தாள். "ஐயா, பிள்ளை இப்பதான் உதைக்குது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு பேசாமல் கிடந்தது" என்றாள். நான் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் வண்டியை ஓட்டினேன். தொண்டைமானாற்றில் படகைத் தண்ணீருக்கு இறக்கினபோது அவளே குனிந்து, மடியில் இருந்தவற்றை அணியத்தில், படகின் மூக்கடியில், வைத்தாள்.

அன்றைக்குப் பிறகு மச்சான் கிளிப்புக்கும் ஒரு சின்னச் சங்கிலி ஒட்டிவிட்டார்; யாரும் அதைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. தேநீர்க் கடை வாங்கு அதையும் விடவில்லை. "இப்ப சங்கிலிக்கே சங்கிலியோ?" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடிந்ததும் பெயர் வைத்த ஆள் எழும்பி வந்து, கொக்கின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என் பங்குக்கு நான் வண்டியின் லாச்சிக்குள் ஒரு சாக்கு ஊசியும் நூலும் வாங்கி வைத்தேன். படகு ஏற்றப் போகிற இடத்தில் யாரின் கையிலாவது தேசிக்காயைக் கண்டால், கேட்க முதலே ஊசியை நீட்டிவிடுவேன். பூசை முடிந்த பிறகு மச்சான் இன்னொரு தரம் கழுத்துக்குக் கீழே குனிந்து பார்ப்பார்.

கொஞ்ச நாளுக்கு முதல் அந்தப் பக்கம் வேறொரு படகோடு போனேன். என் வண்டியைக் கண்டு அக்கா வீட்டுப் படலையால் ஓடி வந்தார். இடுப்பில் தம்பியின் குழந்தை. பெண் குழந்தை, நல்ல வாயும் இருந்தது; என்னைக் கண்டு போட்ட சத்தத்தில் தெரிந்தது. தாய் எங்கே என்று கேட்டேன். கரையில் வலையில் சிக்கு எடுக்கிறாள், படகு வரும் நேரம் என்றார். பிறகு என்னிடம் சுகம் கேட்காமல், இருங்கோ என்றுகூடச் சொல்லாமல், குழந்தையோடு நேரே பின்பெட்டிப் பக்கம் போய்க் குனிந்தார்.

"கம்பி இருக்கோ அண்ணை?"

"இருக்கு, அக்கா."

தானும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் வந்தது.